பெட்டிக்கு நேர் எதிரே

12 ஜூன் 2008, வியாழன்

காலையிலிருந்து சாரல். பத்து மணிக்குப் பால்பாண்டியின் ஜீப்பில் கம்பத்திலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. பெங்களூரிலிருந்து சேவியர் பஸ்ஸில் போட்டு அனுப்பியவை. கம்பெனி அவனைக் கனடாவுக்கு அனுப்புகிறது. ஆபீஸ் நண்பர்களோடு வைத்திருந்த பாட்டுக்குழு கலைந்துவிட்டதாம். "நீங்க வச்சுக்கோங்கப்பா, இல்ல யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றான். போனில் நாலு நிமிடம் பேசினான்.

பெரிய பெட்டியை இறக்கும்போது பால்பாண்டிக்கு மூச்சு வாங்கியது. "என்ன வாத்தியாரே, மகன் உள்ள ஒளிஞ்சு வந்துட்டானா?" என்றான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு பெட்டிகளைப் பிரிக்க மனசு வர நேரமாயிற்று.

உள்ளே ஒரு ஆம்ப், கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற பெட்டி. அதோடு இணைக்க, வெறும் ஸ்பீக்கர் மட்டும் உள்ள எக்ஸ்டென்ஷன் கேபினெட். அப்புறம் மாடலர் என்று காலால் மிதிக்கிற ஒரு கருவி. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் இருந்துகொண்டு, உலகத்திலுள்ள பல வகை ஆம்புகளின் குரலில் பேசுமாம். பகல்வேஷக்காரன்தான்.

சரியான நேரத்தில் வந்திருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் பெனிஷா என்னைத் தூணோரமாக நிறுத்தினாள். நர்ஸ் வேலை பார்க்கிற பெண். பாடகர் குழுவை அவள்தான் நடத்துகிறாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சார், கிட்டார் குத்துது சார். மாதா திருவிழாவுக்குக் கீபோர்டு மட்டும் போதும்னு சாமியார் நெனைக்கிறாக. சத்தம் சரியாச்சுன்னா நான் பேசிப் பாக்குறேன்."

திருவிழா செப்டம்பர் எட்டு. திருவிழாவுக்கு வேண்டாத கிட்டார் அதற்குப் பிறகு எதற்கு?

இருபத்திரண்டு வருடமாக அந்தத் தூணோரம் ஸ்டூல் போட்டு வாசிக்கிறேன். மற்ற ஆறு நாளும் இந்த வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான். ஞாயிறும் போய்விட்டால்?

15 ஜூன், ஞாயிறு

இன்று பழைய ஆம்ப் பெட்டியிலேயே வாசித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு நேர் எதிரே, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. என் வீட்டுக்காரி மதலேனாள் உட்கார்கிற இடம். அவள் போய்ப் பதினேழு மாதம். இன்றும் அந்த இடம் காலிதான். கூட்டம் நெருக்கினாலும் அதைச் சுற்றித்தான் பாய் விரிக்கிறார்கள். யாரும் சொல்லிச் செய்கிற காரியமில்லை. அவள் மேல் இந்த ஊர்ப் பெண்கள் வைத்திருந்த பிரியம் அப்படி. பாட்டுக்கு நடுவே அந்த வெறும் தரையைப் பார்த்துக்கொள்வேன். அது போதும், ஒரு வாரம் ஓடிவிடும்.

18 ஜூன், புதன்

ஆம்பின் முதுகில் 'நாலு ஓமுக்குக் குறையக் கூடாது' என்று எழுதியிருக்கிறது. ஓம் என்பது மின்தடையின் அளவு. உள் ஸ்பீக்கர் எட்டு ஓம், கேபினெட் எட்டு ஓம். பள்ளிக்கூடத்தில் கேட்டால் பிள்ளைகள் எட்டும் எட்டும் பதினாறு என்பார்கள். இது பக்க இணைப்பு. வாய்க்காலில் ஒரு மடை திறந்திருக்கும்போது இன்னொரு மடையையும் திறந்துவிட்டால் தண்ணீருக்குத் தடை கூடுமா, குறையுமா? பாதியாகக் குறையும். ஆக நாலு. எல்லைக்குள்தான் இருக்கிறோம்.

வகுப்பு எடுத்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சாப்பாட்டு மேசை.

21 ஜூன், சனி

மூன்று நாளாகக் குமிழ்களைத் திருகுகிறேன். மாடலரில் எந்த வேஷத்தைப் போட்டாலும் சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருகிறது. இதற்கு மேல் கரண்டு வெட்டு வேறு. லோயர் கேம்ப் மின்நிலையத்தில் நம் தண்ணீரைக் கொண்டுதான் கரண்டு எடுக்கிறார்கள். இங்கே மின்விசிறி ஓடவில்லை.

24 ஜூன், செவ்வாய்

சேவியரே கூப்பிட்டான். கம்பளி விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டான்.

"அப்பா, மாடலருக்குள்ள ஒரு பொய்ப் பெட்டி இருக்கு. ஸ்பீக்கர் பெட்டி இல்லாதவங்களுக்காக, பெட்டி இருக்கிற மாதிரி சத்தத்தை மாத்திக் குடுக்கும். உங்ககிட்டதான் நெசப் பெட்டியே இருக்கே. பொய்ப் பெட்டிய ஆஃப் பண்ணுங்க."

அதாவது கண்ணாடி மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்து தெரியவில்லை என்று தடவியிருக்கிறேன்.

அணைத்ததும் கம்பளி விலகிவிட்டது. இன்று பதினோரு நிமிடம் பேசினோம். பொய்ப் பெட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

27 ஜூன், வெள்ளி

தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் ஆம்பும் கூடச் சேர்ந்து இரைகிறது. எர்த் கம்பி புதைத்த குழியில் உப்பைப் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். அடங்கியது.

29 ஜூன், ஞாயிறு

புதுப் பெட்டிகள் இன்று கோயிலுக்குப் போயின. தூணடியில் தரையில் ஆம்ப், அதற்குப் பக்கத்தில் கேபினெட். நான் வழக்கம்போல ஸ்டூலில். முதலில் மந்தமாக இருந்தது. ட்ரெபிளை, கூர்மையான மேல் சத்தத்துக்கான குமிழை, எட்டு வரை ஏற்றினேன். தெளிந்துவிட்டது. என் காதுக்கு வீணை மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை.

பூசை முடிந்து பெனிஷா பக்கம் திரும்பினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"முன்னைக்கு நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா..."

"ஆனா?"

"இன்னும் குத்துது சார்."

என்ன காதுகள் இதுகள்! சினிமா கீபோர்டு கேட்டுக் கெட்டுப்போன காதுகள். — கோபத்தில் எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

5 ஜூலை, சனி

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

பெட்டிகளைத் துடைக்கலாம் என்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். சவரியம்மாள் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் கோயில் வேலைக்கு வந்து முப்பது வருடம் இருக்கும். மனசு இளகியிருந்த நேரம். "ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன். மதலேனாள் இடத்த இன்னும் அப்படியே விட்டு வச்சிருக்கீக. பெரிய மனசு" என்றேன்.

அவள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எந்த எடம்?"

காட்டினேன்.

"அய்யய்யோ வாத்தியாரையா, அங்கன எவ உக்காருவா? ஒங்க பெட்டி ஊசி கணக்கா நேரா காதுக்குள்ளல்ல வருது! அன்னைக்கு ஒருத்தி தெரியாம உக்காந்துட்டா, கைப்பிள்ள வீறிட்டுக் கத்திருச்சு. எந்திரிச்சு ஓடுனவதான்." சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மதலேனாள் உக்காந்திருந்தாளே" என்றேன்.

"அவுக காதுல பஞ்சு வச்சிருப்பாக. முக்காட்டுக்குள்ள ஒங்களுக்கு எங்கிட்டுத் தெரியும்? 'நானும் எந்திரிச்சுட்டா அவர் யாரப் பாத்து வாசிப்பாரு'ன்னு சொல்லுவாக."

பெட்டியைத் துடைக்காமல் திரும்பிவிட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

9 ஜூலை, புதன்

பஞ்சு. அலமாரியில் இன்னும் அரைச் சுருள் இருக்கிறது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வீட்டில் அவள் காதில் பஞ்சைப் பார்த்துவிட்டு "வலிக்குதா?" என்று கேட்டேன். "லேசா" என்றாள். தேனிக்குக் கூட்டிப் போய்க் காது டாக்டரிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லையே சார்" என்றார். திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் சிரித்துக்கொண்டே வந்தாள். என்ன சிரிப்பு என்றேன். சும்மா என்றாள்.

ஏ புள்ள, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? திருகுற குமிழுதானே, குறைச்சிருக்க மாட்டேனா?

குறைச்சிருப்பேனா?

வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது சார்" என்று அறுபது குரல் வரும். நானும் நம்பிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

20 ஜூலை, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறு. கிட்டாரின் உறையில் தூசி.

25 ஜூலை, வெள்ளி

பெனிஷா வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் காய்ச்சல் மாத்திரை. பொய்க் காய்ச்சலுக்கு நிஜ மாத்திரை.

"சவரியம்மா அழுகுது சார். 'என் வாய்ல மண்ணு விழ, வாத்தியாரையா மனசு நொந்து போச்சு'ன்னு."

"நீ ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல?"

"எல்லாருக்கும் நீங்க வாத்தியாரு சார். என்னயவே ரெண்டு தடவ பெஞ்சு மேல ஏத்தியிருக்கீக."

"எதுக்கு?"

"எதிர்த்துப் பேசுனதுக்கு."

காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகமென்று அவளாகவே சொன்னாள். கொஞ்சம் தெம்பாக இருந்தது.

2 ஆகஸ்ட், சனி

பெனிஷா கோயில் சாவியோடு வந்தாள். கிட்டாரை அவள் கையில் கொடுத்து ஒரே ஒரு விரல்பிடியைச் சொல்லிக் கொடுத்து, ஸ்டூலில் உட்காரவைத்தேன். குமிழ்களைத் தொடவில்லை, ட்ரெபிள் எட்டிலேயே இருந்தது. நான் பெண்கள் பக்கம் போய், மூன்றாவது வரிசையில், மதலேனாள் இடத்தில், தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க மறுத்தது.

"அடிம்மா" என்றேன்.

அடித்தாள்.

கண்ணாடிச் சில்லு. வேறு எப்படிச் சொல்வது? பல் கூசியது. நாலு அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தேன், பரவாயில்லை. ஸ்டூல் பக்கம் போனேன், வீணை. மறுபடி அவள் இடம். கண்ணாடி.

இருபத்தேழு வருடம் நான் நடத்திய பாடம் இது. கீழ்ச் சத்தம் அரிக்கேன் விளக்கு, சுற்றிலும் பரவும். மேல் சத்தம் டார்ச், நேர் எதிரே மட்டும் அடிக்கும். பெட்டி தரையில், என் காது நாலடி மேலே. டார்ச் வெளிச்சம் என்னைத் தொடவே இல்லை. மந்தமாக இருக்கிறது, மந்தமாக இருக்கிறது என்று ஏற்றிக்கொண்டே போனேன். ஏற்றியதெல்லாம் அவள் மேல் விழுந்தது.

"போதுமா சார்?" என்றாள் பெனிஷா.

"இன்னும் கொஞ்சம் அடிம்மா."

பஞ்சில்லாமல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மதலேனாள் இருபது வருடம் உட்கார்ந்தாள்.

9 ஆகஸ்ட், சனி

ஆம்ப் இப்போது பெஞ்சின் மேல், சாய்த்து, என் காதுக்கு நேராக. இனி குத்தினால் முதலில் என்னைத்தான் குத்தும். கேபினெட்டைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டேன். சுவரில் பட்டு மெதுவாகப் பரவுகிறது. மாடலரில் ஆர்ப்பாட்டமில்லாத ஒரே ஒரு வேஷம். ட்ரெபிள் மூன்று.

சவரியம்மாளை ஒவ்வொரு வரிசையாக உட்காரவைத்துக் கேட்டேன். "நெசத்தச் சொல்லு. என்னைய வாத்தியாரா நெனைக்காத."

"அங்கன சரி... இங்கன சரி..." மூன்றாவது வரிசையில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். "இப்ப உக்காரலாம் வாத்தியாரையா" என்றாள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சாமியார் ஒத்திகைக்கு வந்து பின்னால் நின்று கேட்டார். பெனிஷா அவரிடம் என்ன பேசினாளோ, திருவிழாப் பாட்டுத் தாளில் என் பெயரும் இருக்கிறது.

8 செப்டம்பர், திங்கள்

திருவிழா. நின்ற இடத்தில் திரும்ப முடியாத கூட்டம். வாசித்தேன். விரல் ஒரு இடத்தில் தடுக்கியது, யாரும் கவனிக்கவில்லை. ராத்திரி சேவியரிடம் சொன்னேன். கனடாவில் அப்போது காலை. "கேசட்ல பதிஞ்சு அனுப்புங்கப்பா" என்றான்.

மதலேனாள் இடத்திலும் ஆட்கள் இருந்தார்கள். திருவிழாக் கூட்டம், இதை வைத்து ஒன்றும் முடிவு சொல்ல முடியாது.

14 செப்டம்பர், ஞாயிறு

சாதாரண ஞாயிறு. பாதிக் கோயில்தான். எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம்.

முதல் பாட்டுக்கு நிமிர்ந்தேன். மூன்றாவது வரிசையில், நேர் எதிரே, மஞ்சள் சேலையில் ஒரு பெண். மடியில் கைக்குழந்தை. யாரென்று தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் சவரியம்மாள். இடத்தில் இடமே இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

காணிக்கைப் பாட்டுக்கு முன்னால் என் கை தானாக ட்ரெபிள் குமிழுக்குப் போனது. எட்டில் வைத்தால் எழுந்து போய்விடுவார்கள். இரண்டு ஞாயிறு போதும், அந்த இடம் பழையபடி எனக்கே காலியாகக் கிடைத்துவிடும்.

குமிழைத் தொட்டபடி கொஞ்ச நேரம் இருந்தேன். பெனிஷா திரும்பிப் பார்த்து, "சார், ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

மூன்றிலேயே விட்டுவிட்டு வாசித்தேன். குழந்தை எழவில்லை.