நான்காவது கோல்கீப்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இடுப்புவலி தேவலையா? தையல் மிஷினை விட்டு அவ்வப்போது எழுந்து நடக்கிறீர்களா? நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று எங்கள் ஃபுட்பால் டீம் ஜெயித்தது. கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆமாம் அப்பா, வெளியே உட்கார்ந்துதான் கத்தினேன். இங்கே எனக்கு முன்னால் மூன்று கோல்கீப்பர்கள் இருக்கிறார்கள்.

சேருவதற்கு முன் கல்லூரியைப் பார்க்க வந்தோமே, அன்றைக்கு நீங்கள் கோச்சிடம், "உங்க டீம்ல ஏற்கெனவே எத்தனை கோல்கீப்பர் இருக்காங்க சார்?" என்று கேட்டீர்கள். உங்கள் சட்டையில் நூல் ஒட்டியிருந்தது. "சும்மா இருங்கப்பா, மானம் போகுது" என்று உங்கள் வாயை அடைத்தேன். கோச் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினார். நான் பச்சைப் புல்லையும் பெரிய கேலரியையும் பார்த்துச் சொக்கி நின்றேன்.

நான் அனுப்பிய போட்டோவைக் கடையில் மாட்டியிருக்கிறீர்களாம், தங்கை சொன்னாள். கழற்றிவிடுங்கள் அப்பா. என் ஜெர்சியில் ஒரு பொட்டு மண்கூட இல்லை.

கட்டைவிரல் கிழிந்த என் பழைய கையுறையைத் தைத்து அனுப்புங்கள். சாயங்காலங்களில் சுவரில் பந்தை அடித்து நானே பிடிக்கிறேன்.

தங்கைக்குக் கல்லூரி பார்க்கும்போதும் அதே மாதிரி கேள்வி கேளுங்கள். அவளும் உங்களை அடக்கினால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

மெஸ் மணி அடித்துவிட்டது.

உங்கள் மூத்தவள்