நப்லாவின் வீட்டில் பார்த்த நாடகம்

12 ஒக்டோபர், சனி
பகல் லுஹர் தொழுதபின் மருதமுனையில், நப்லாவின் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள்: நான், நப்லாவின் வாப்பா, என் தங்கச்சி முனவ்வறா, அவளுடைய மகள் ஸஹ்றா. மெல்பனில் என் மகள் நப்லா நடிக்கும் நாடகத்தை மருமகன் முர்ஷித் அங்கிருந்து நேரடியாகப் போனில் காட்டினார். குடியேறிய ஆட்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் நாடகமாம்.

நப்லா நடுமேடைக்கு வந்து இங்கிலிசில் ஏதோ சொன்னாள். ஒரே கைதட்டல். ஸஹ்றா அதைத் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்: "எங்கட ஊருல பொம்புளைக்கு வீடில்ல. வாப்பாட வீடு, மறுகா மாப்பிள்ளைட வீடு. இஞ்ச வந்துதான் நான் மனிசியானன்."

"அப்ப இது ஆர்ர வீடு ராத்தா? முர்ஷித் தம்பி கலியாணம் முடிச்சு ஒரு சூட்கேசோட இஞ்ச வந்து ஏறின ஆள்தானே!" என்றாள் முனவ்வறா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

13, ஞாயிறு
விடியச் சுபஹ் தொழுகையிலும் மனம் நிற்கவில்லை. நாங்கள் இருந்து பார்த்தது, கலியாணத்துக்கு முன்பே நப்லாவின் பேருக்கு எழுதிய வீடு. எனக்கும் அப்படித்தான், இந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அப்படித்தான். நம்மிடம் குறை இல்லையா? இருக்கு. அதைச் சொல்லட்டும், நானே எழுதிக் கொடுப்பேன். இல்லாததை ஏன் சொல்ல வேண்டும்?

14, திங்கள்
நப்லாவிடம் போனில் கேட்டேன். "மகள், ஆர் அந்த வீட்டுக் கதைய எழுதின?"

"டிரெக்டர், உம்மா. நான் எனக்கு பஸ்ஸில நடந்ததத்தான் அவருக்குச் சொன்ன. பாக்க வாற சனத்துக்குச் சங்கடமாம், அத எடுக்கல்ல."

போன ரமழானில் ஒருவன் அவள் முக்காட்டைப் பிடித்திழுத்து, "உன்ட வீட்டுக்குப் போ" என்றானாம். பஸ்ஸில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லையாம். எனக்கு இன்றுதான் சொல்கிறாள். அவர்கள் செய்தது நாடகத்தில் இல்லை, நாம் செய்யாதது இருக்கு! என்ன நியாயம் இது?

"நான் சொல்லாட்டி வேற ஆளப் போடுவாங்க உம்மா. இஞ்ச எனக்கு அந்த ஆக்கள் மட்டுந்தான் கூட்டாளிமார்."

"வாற சனியும் அதத்தான் சொல்லப் போறியா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

16, புதன்
கோபம் ஆறவில்லை. சோறும் குழைந்துவிட்டது.

19, சனி
இரண்டாம் காட்சி. நானும் அவள் வாப்பாவும் மட்டும் பார்த்தோம். அந்த இடம் வந்ததும் நப்லா போன வாரம் சொன்னதைச் சொல்லவில்லை. தன் முக்காட்டின் நுனியைத் தானே பிடித்து இழுத்துக் காட்டி ஏதோ சொன்னாள். பஸ் என்ற சொல் எனக்கே விளங்கியது. ஒரு கைகூடத் தட்டவில்லை.

அல்ஹம்துலில்லாஹ் — இங்கிருந்து நான் சத்தமாகச் சொன்னேன்.

21, திங்கள்
முர்ஷித் சொன்னார்: "நாடகத்துக்கு இனி வரத் தேவல்லையாம் மாமி, டிரெக்டர் சொல்லிட்டார். நப்லா ஒருத்தரோடயும் கதைக்கிறா இல்ல."

22, செவ்வாய்
நப்லாவுக்கு மூன்று தரம் போன் பண்ணினேன், அவள் தூக்கவில்லை. குரல் பதிந்து அனுப்பினேன்: "மகள், உன்ட வீட்டக் கூட்டி, ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சிருக்கன். வேலைக்கு இன்னும் அந்த பஸ்ஸிலதான் போறியா? ஆராச்சும் கூட வாறாங்களா? கெதியா பதில் சொல்லு."