ஒரு சைபர் குறைந்த வெங்காயத் தோல்

என் அன்புப் புனிதம்,

நீ கண்மூடி ஐந்து மாதமாகிறது. ஆசிரியர் அறையில் உன் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை, நானும் விடவில்லை. உன் வகுப்புக்கும் இப்போது நானே உயிரியல் எடுக்கிறேன். இடைவேளையில் டீ வாங்கப் போனால் வாய் தானாக "ரெண்டு" என்கிறது. கடைக்காரர் ஒன்று மட்டும் ஊற்றித் தருகிறார்.

பிள்ளைகள் நோட்டை மாற்றிக்கொண்டு திருத்தும் உன் வழக்கத்தை நான் நிறுத்தவில்லை. வெங்காயத் தோலின் செல்லை அழகாக வரைவார்கள். எத்தனை மடங்கு பெரிதாக வரைந்தாய் என்று கணக்குக் கேட்டால் முகம் தொங்கிவிடும். அதற்காகத்தானே ஆரம்பித்தாய்?

"பிள்ளைங்களே திருத்தினா நமக்கு எதுக்குடி சம்பளம்?" என்று கேலி செய்தேன்.

"சரி போட்டால் மட்டும் காணாது ராஜம். பிழை எங்க தொடங்குதெண்டு தேடி எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். அப்பதான் திருத்துற பிள்ளைக்கும் கணக்கு விளங்கும்" என்றாய்.

அந்தச் சட்டம் நமக்கும் இருந்தது. நான் கணக்கில் எவ்வளவு மட்டம் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். வகுப்புக்குப் போகுமுன் என் விடையைப் பார்த்து ஓரத்தில் கையெழுத்துப் போடுவாய். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருடம் வண்டி ஓடியது.

போன வாரம் மாட்டிக்கொண்டேன். படத்தில் செல்லின் நீளம் பத்து சென்டிமீட்டர். உண்மை நீளம் 0.2 மில்லிமீட்டர். சென்டிமீட்டரை மில்லிமீட்டராக மாற்றாமலே வகுத்து, ஐம்பது மடங்கு என்று பலகையில் எழுதிவிட்டேன். நோட்டுகளைத் திரும்ப வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஐந்நூறு என்று சரியாகப் போட்டிருந்த விடைகளையெல்லாம் பக்கத்துப் பிள்ளைகள் அடித்து ஐம்பதாக்கியிருந்தார்கள். டீச்சரை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரே ஒரு நோட்டு தப்பியது. கமலம் தன் தோழியின் ஐந்நூறுக்குச் சரி போட்டு, கீழே எழுதியிருந்தாள்: 'பிழை பலகையில், சென்டிமீட்டரில் தொடங்குகிறது. திருத்தியவர் கமலம்.'

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"பயமா இருந்துச்சு டீச்சர். ஆனா தப்புக்குக் கையெழுத்துப் போட்டா புனிதம் டீச்சருக்குப் பிடிக்காது."

உனக்குப் பிடிக்காது என்றாள், புனிதம். பிடித்திருக்காது என்று சொல்லவில்லை. நான் அழுதுவிட்டேன்.

சத்தமில்லாமல் நோட்டுகளை நானே திருத்தி மறைத்திருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மறுநாள் நாற்பது பேர் முன்னால் என் பிழையை எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

இனி என் விடை பலகைக்குப் போகுமுன் பிள்ளைகள் கைக்குப் போகும். இது உனக்கு நான் தரும் வாக்கு. கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், ஜாலான் புசார் நிறுத்தம் வந்ததும் நீ இறங்குவதற்காக நான் இன்னமும் எழுந்து வழிவிடுகிறேனே, அதை யாரடி திருத்துவார்கள்?

உன் கூடப் பிறக்காத தங்கை,
ராஜம்