மேட்டு வளைவுப் பெட்டி

என் பிடிவாதக்காரனுக்கு,

இன்று உனக்குப் பதிலாக நான் தபால் கொடுக்கப் போனேன். என் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் சாலையோரம் நட்டிருக்கும் தபால் பெட்டிகளோ வலப்பக்கம். அதனால் உன்னைப்போலவே வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை எட்டி நீட்டி பிரேக் மிதித்தேன். தினமும் எப்படித்தான் ஓட்டினாயோ!

லாரி உன்னை இடித்த மேட்டு வளைவில் வெர்னா வீட்டுப் பெட்டியைக் காணோம். கீழே, நேர் சாலையில் நட்டிருக்கிறாள். "பெட்டிய மாத்தச் சொல்லி உன் புருஷன் தலபாடா அடிச்சுக்கிட்டான், நான்தான் கேக்கல. நல்லாத் திட்டிட்டுப் போடி," என்றாள். தபாலை நீட்டினேன்.

சனிக்கிழமை உன்னை வீட்டுக்கு அழைத்துப்போக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். வழியெல்லாம் நான் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டு வா.

சட்டை, சவரக்கத்தி, வலது கால் பூட்ஸ் எல்லாம் பையில் வைத்துவிட்டேன். இடது கால் பூட்ஸ் இனி வாசலிலேயே இருக்கட்டும்.

உன் மனைவி