மாமன் மடி

கரியமாணிக்கம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மகன் டேனியலுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் தேவ கிருபையால் சுகம், அந்தத் தோகா வெயிலில் நீ தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை செய்கிறாயா என்பதுதான் உன் அம்மாவின் கவலை. போனில் பேசினால் அவள் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பாள், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், அதனால் பேப்பரில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

மடுகரையில் உன் அக்கா ஜெயசித்ராவின் பெண்ணுக்குக் காது குத்தினார்கள். மாப்பிள்ளை மணிவண்ணன் வீட்டு வழக்கப்படி மாரியம்மன் கோயிலில்தான் எல்லாம். தாய்மாமன் நீ ஊரில் இல்லை, உன் இடத்தில் நான் மடி கொடுக்கவேண்டும் என்று சம்பந்தியம்மா பவுனம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்து கேட்டார்கள். நம் பாஸ்டரோ, விசுவாசி அந்த வாசலை மிதிக்கக் கூடாது பிரதர் என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். போகாவிட்டால் உன் அக்கா அந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பாள், காதல் கல்யாணம் என்று ஏற்கெனவே அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். உன் அம்மாவிடம் கேட்டேன், "எதுன்னாலும் என்னையே கேளு, நீதான்யா வூட்டுக்கு ஆம்பள" என்று எழுந்து போய்விட்டாள்.

போய் உட்கார்ந்தேன். எனக்கு விபூதி வேண்டாம் என்று கையைக் காட்டினேன், அவர்களும் வற்புறுத்தவில்லை. ஆசாரி ஊசியை ஏற்றியதும் குழந்தை வீறிட்டு அழுது அப்படியே மூச்சடைத்துப் போயிற்று, உதடெல்லாம் நீலம். என்ன செய்கிறேன் என்றே தெரியாமல், அவள் நெற்றியில் பூசியிருந்த விபூதி மேலேயே கட்டைவிரலால் சிலுவை போட்டு, ஏசப்பா என்று கத்திவிட்டேன். நாம் சபைக்கு வருவதற்கு முன்னால் கத்தோலிக்கராகப் பூசைக்குப் போன காலத்துப் பழக்கம், எங்கிருந்து வந்ததோ. குழந்தை மூச்சு விட்டு மறுபடி அழுதது. மேளம் நின்றுபோய் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பவுனம்மாள்தான், "யார கூப்ட்டா இன்னா, புள்ள அழுதுச்சே அது போதும், அந்தக் காதயும் குத்துங்க" என்றார்கள்.

யாரோ எடுத்த வீடியோ பாஸ்டர் வரைக்கும் போய்விட்டது. கோயிலில் உட்கார்ந்ததும் பாவம், சிலுவை போட்டதும் விட்டு வந்த பாரம்பரியம், வரும் ஞாயிறு சபை நடுவில் எழுந்து பாவ அறிக்கை செய்தால்தான் திருவிருந்தில் அப்பமும் ரசமும் என்கிறார். மாப்பிள்ளையின் தம்பி வேறு, பிள்ளையை மதம் மாற்றப் பார்த்தீர்கள் என்று போன் போட்டுச் சத்தம் போட்டான். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது என் கதைதான். உன் அம்மா, "ரெண்டு வார்த்த சொல்லிட்டு உக்காரு, வாயா தேஞ்சிடும்" என்கிறாள். சொல்லலாம்தான், திருவிருந்து இல்லாமல் பின்னால் உட்கார்ந்திருக்க எனக்கும் பயமாக இருக்கிறது.

ஆனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சபையில் நானும் கண்ணை மூடிக் கையைத் தூக்குகிறேன், கொஞ்ச காலமாக உள்ளே ஒன்றும் இல்லை, அறுப்பும் மழையும்தான் ஓடுகிறது. அந்தப் பிள்ளை என் மடியில் மூச்சில்லாமல் கிடந்தபோதுதான் ஆண்டவர் பக்கத்தில் நிற்பது எனக்குத் தெரிந்தது. அதைப் போய்ப் பாவம் என்று எப்படிடா எழுந்து சொல்வேன். சொல்லாவிட்டால் நான் பெருமைக்காரனா, இல்லை சாத்தான்தான் என்னை ஏமாற்றுகிறானா, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. அக்காவிடம் பேசினால் இதையெல்லாம் கேட்காதே, பிள்ளைக்குக் காது ஆறிவிட்டதா என்று மட்டும் கேள். ஞாயிறு உனக்கு டூட்டி இருக்கும், முடிந்தால் ஒரு நிமிஷம் எனக்காக ஜெபம் பண்ணு. தைரியம் கேட்காதே. நான் எழுந்து நிற்கும்போது பொய் மட்டும் என் வாயில் வரக் கூடாது என்று கேள்.

இப்படிக்கு உன் அப்பா,
பாக்யராஜ்