சாக்குமூஞ்சியின் பின்கதை

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே தயாரிப்பாளர் போன். ‘படிக்கட்டு’ ஏழாம் பாகம் உறுதியாம். போன பாகத்தின் முடிவில் கொலைகாரனைச் சிமெண்டுக் கலவைக்குள் தள்ளி, மேலே கட்டடமே கட்டிவிட்டோமே என்றேன்.

“அது உங்க பிரச்சினை, ரைட்டர் சார்.”

இந்தச் சாக்குமூஞ்சியை நானும் எத்தனை விதமாகத்தான் சாகடிப்பது? முதல் பாகத்தில் ஒரு பழைய குடியிருப்பு, ஒரு காய்கறிக் கத்தி, தலையில் சாக்குப்பை மாட்டிய ஒருவன், அவ்வளவுதான். ஏன் கொல்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றில் கண்ணாடி போட்டுப் பார்க்கும் முப்பரிமாணம். நாலில் கப்பல் – கப்பலிலும் படிக்கட்டு உண்டு என்று வாதாடி ஜெயித்தேன். ஐந்தில் ஜோக் அடித்துவிட்டுக் குத்தினான். ஆறில் அவனைப் போலவே இன்னொருவன். இப்போது பனியனிலும் காப்பிக் கோப்பையிலும் அவன் முகம்தான். என் முகம் எந்தக் கோப்பையிலும் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

புது இயக்குநர். என் வழுக்கையின் வயதுதான் இருக்கும்.

“பின்கதை வேணும் சார். அவன் ஏன் இப்படி ஆனான்னு தெரிஞ்சு ஜனங்க அழணும்.”

கொலைக்கு முன்னால் காலி அறைகளின் விளக்கை அணைக்கிறானே, குழாயை இறுக்கி மூடி இரண்டு தட்டுத் தட்டுகிறானே, சிதறிக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைக்கிறானே – தியேட்டரில் விசில் பறக்கும் இடங்கள் – அதற்கெல்லாம் ஆழமான காரணம் வேண்டுமாம். சின்ன வயதில் ஒரு தீ விபத்து, மின்கசிவு என்று அடுக்கினார். நான் தலையாட்டினேன்.

ஆழமான காரணம் அந்த நேரத்தில் பிஸ்கட் தொழிற்சாலையில் கோணல் பிஸ்கட்டுகளைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தது. என் மனைவி. தரப் பரிசோதகர்.

முதல் பாகம் எழுதியபோது கல்யாணமான புதிது. கொலைகாரனுக்கு ஏதாவது பழக்கம் வேண்டியிருந்தது. இவள் கண்முன்னே நடமாடிக்கொண்டிருந்தாள். ரத்தம் பார்த்தால் இவளுக்கு மயக்கம் வரும். அந்தப் புண்ணியத்தில் ஆறில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

மார்ச் 10, செவ்வாய்

திங்கட்கிழமைக்குள் பின்கதை வராவிட்டால் தாமே எழுதிக்கொள்வதாக இயக்குநர் மிகப் பணிவாகச் சொன்னார். இரண்டாம் பாகத்தையும் இப்படித்தான் என்னிடமிருந்து பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். படம் ஊத்திக்கொண்டது. அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்தேன், காரணம் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அலுவலகத்தில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று தயாரிப்பாளர், இயக்குநர் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். இவள் வர மாலை ஆகும் என்ற தைரியம். மதியமே வந்து நின்றாள்.

வாசலில் குப்புறக் கிடந்த தயாரிப்பாளரின் செருப்பை ஜோடி சேர்த்து வைத்தாள். படுக்கையறை விளக்கு – டக். பின்னறை விசிறி – டக். சமையலறையில் குழாய் இறுகும் சத்தம். தட். தட்.

இயக்குநர் சோபாவோடு ஒட்டிக்கொண்டார். தயாரிப்பாளர் தன்னையறியாமல் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

“அக்கா... நீங்களா அது?” என்றார் இயக்குநர்.

“நான்தான். என் வீட்டுக்கு வேற யாரு வருவா?”

“ஆறு படமா உங்களைத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கோம்” என்று அந்தப் படுபாவி தயாரிப்பாளர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மார்ச் 13

நான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போதே அறை விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். இவள் கணக்கில் அது காலி அறை.

மார்ச் 15, ஞாயிறு

நேற்றும் இன்றுமாக ஆறு பாகமும் பார்த்தாள். ரத்தம் வரும்போது தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு “முடிஞ்சுதா?” என்பாள். “இன்னும் ஒரு ஆள் பாக்கி” என்பேன். இரண்டு நாளில் எங்களுக்குள் நடந்த உரையாடல் இதுதான்.

எல்லாம் முடிந்ததும் கேட்டாள்: “ரெண்டாவதுல குழாயை மூடாமப் போறான். அது நீங்க எழுதினதா?”

“இல்ல.”

“தெரிஞ்சுது.”

இதைவிடப் பெரிய விருது எனக்குக் கிடைத்ததில்லை. சந்தோஷப்பட விட்டாளா?

“பின்னாடி ஒருத்தி அணைச்சுட்டும் மூடிட்டும் வரான்னா, முன்னாடி ஒருத்தர் எல்லாத்தையும் திறந்து போட்டுட்டுப் போறார்னு அர்த்தம். அந்த ஆளு ஏன் ஒரு படத்துலயும் வரல?”

வெட்கம் ஒரு பக்கம். அட, பின்கதை கிடைத்துவிட்டதே என்று இன்னொரு பக்கம். நான் என்ன ஜென்மம்?

மார்ச் 16, திங்கள்

என் சொந்த யோசனை போலவே சொன்னேன். இயக்குநர் கண் கலங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது அக்கா சொன்னதுதானே சார்?” என்றார்.

“நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க. உங்களுக்கு வேலை இருந்தா அவங்க மட்டும்கூட வரலாம்.”

ஏப்ரல் 2

தீ விபத்து போயிற்று. சாக்கைக் கழற்றினால் உள்ளே நடுத்தர வயதுப் பெண்மணி. தயாரிப்பாளர் தம் மனைவியிடம் கதையைச் சொன்னாராம். அந்த அம்மா கை தட்டினாராம். அன்றிலிருந்து தயாரிப்பாளர் செருப்பைத் தானே ஒழுங்காக விடுகிறார்.

மே 20

திரைக்கதை முடிந்தது. கதை: இவள். வசனம்: நான்.

முதல் காட்சியில் தொந்தியும் வழுக்கையுமாக ஓர் எழுத்தாளர் குளித்துவிட்டு வருகிறார். ஈரத் துண்டைக் கட்டில்மேல் வீசுகிறார். அந்த இடத்துக்கு வசனமே வேண்டாம் என்றாள் கதாசிரியை.

நானும் இப்போதுதான் குளித்தேன். துண்டை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு ஓரமும் சமமாக இழுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். சமையலறையில் தட், தட். அறை அறையாக விளக்கு அணைந்துகொண்டு வருகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை இருமிவைத்தேன்.

கதவருகே வந்து நின்றாள். கொடியைப் பார்த்தாள். விளக்கை அணைக்காமல் போனாள்.