பனிக்கூரைக்கு அடியில் பதினொரு பாட்டில்கள்

நாள் 38. பிப்ரவரி 24, 2074. காலை 08:30. வெளியே −29.

உமையாள் பழனியப்பன், நுண்ணுயிரியல். அண்டார்க்டிக் உள்நிலம், மூடேரி முகாம். ஆள் ஒருவர்.

ஏரியின் மேல் இருபது மீட்டர் பனிக்கட்டி. அடியில் ஆறு மீட்டர் தண்ணீர். ஐந்து லட்சம் ஆண்டுகளாக வெளிக்காற்று படாத தண்ணீர் என்று கணக்கு. துளைக்குழாய் வழியாக இறக்கிய நீந்துகருவி 'அயிரை' ஒழுங்காக வேலை செய்கிறது. கேமராவில் மட்டும் மேல்நோக்கிப் பார்க்கும் கண் மங்கல்.

கருவிகளுக்குச் சூரியத் தகடு. கூடாரச் சூட்டுக்கும் அடுப்புக்கும் புரொபேன் பாட்டில். அரைக் கிலோ, பச்சை நிறம், தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி நிரப்ப முடியாது. இன்று புது பாட்டில் மாற்றினேன். தோல்வியோ கோளாறோ இல்லை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு ஒரு விளக்கம்: பனியில் பிளவு எதுவும் தெரிந்தால் அதை இருநூறு மீட்டர் தள்ளிச் சுற்ற வேண்டும் என்பது விதி. முகாமுக்குத் தெற்கே ஒரு பிளவு இந்தக் கோடையில் திறந்திருக்கிறது. சிவப்புக் கொடி நட்டிருக்கிறேன்.

நாள் 40. பிப்ரவரி 26. பகல் 11:15. வெளியே −33.

ஏரி நீரில் புரொபேன். நான்கு முறை அளந்தேன். நான்கு முறையும் இருக்கிறது. தெற்குக் கரைப்பக்கம் அடர்த்தி கூடுகிறது. அங்கே வடிகட்டியில் வெள்ளையாக ஓர் ஏடு. உயிருள்ளது. வாயுவைத் தின்று பெருகுகிறது.

வெயில் படாமல், காற்று படாமல், பாறையிலிருந்து கசியும் வாயுவை மட்டும் தின்று வாழும் ஓர் உலகம். இதைத் தேடித்தான் பதினேழு வருடம்.

கடலோரக் கரை முகாமுக்குச் செய்தி அனுப்பினேன். தலைமை விஞ்ஞானி ஞானசிகாமணி சாரின் பதில்:

"உமையாள், ரெண்டு தடவ படிச்சேன். டெல்லிக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு அறிவிப்பு வரும். உங்களுக்கு இன்னொரு துளைக்கருவி அனுப்புறோம், ஸ்னோ வண்டியில."

இன்று சர்க்கரை இரண்டு கரண்டி போட்டுத் தேநீர் குடித்தேன்.

நாள் 42. பிப்ரவரி 28. பகல் 13:00. வெளியே −36.

வண்டியில் வருவது கிடங்குப் பொறுப்பாளர் சுடலைமுத்து அண்ணாச்சியும் ஓட்டுநர் தோர்ஜேயும். அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு வயது. வள்ளியூர்க்காரர். அவரே கேட்டு வாங்கி வருகிறாராம்.

"டாக்டரம்மா, டிவியில ஒங்க போட்டோ வந்துட்டுல்லா. எம் மவ கூப்பிட்டு, அப்பா அந்த அம்மாவ ஒங்களுக்குத் தெரியுமான்னு கேக்கா. நாந்தான் அவங்களுக்கு கேஸ் பாட்டில் எண்ணிக் குடுத்தவன்னு சொன்னேன். அப்புறம், ஒங்களுக்கு ரெண்டு பெரிய சிலிண்டரும் கொண்டாறேன். வேண்டாம்னு சொல்லப்பிடாது. குளிரு கூடுது."

பெரிய சிலிண்டர் பற்றி எழுத வேண்டும்.

புறப்படும் முன் நடந்த கூட்டத்தில் அண்ணாச்சி ஒரு திட்டம் கொண்டுவந்தார். எழுபது சின்ன பாட்டில்களுக்குப் பதிலாக, மறுபடி நிரப்பக்கூடிய பத்துக் கிலோ சிலிண்டர் மூன்று. கம்பளிச் சட்டை மாட்டி, அடுப்பின் வெக்கை படும்படி வைக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டி வந்து காலியானதை எடுத்துப் போய்க் கரையில் நிரப்பி வரும். களத்தில் குப்பை விழாது. புரொபேன் மைனஸ் நாற்பத்திரண்டில் ஆவியாவதை நிறுத்திவிடும், சின்ன பாட்டில் சீக்கிரம் உறைந்து செத்துப்போகும் என்றும் சொன்னார்.

வண்டிப் புகை என் மாதிரிகளைக் கெடுக்கும் என்றேன். அது உண்மை. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "இது கல்யாண வீட்டுப் பந்தி இல்ல அண்ணாச்சி, சிலிண்டர் உருட்டிக்கிட்டு வர" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தன் தாள்களை மடித்து வைத்தார்.

நாள் 43. மார்ச் 1. காலை 10:20. வெளியே −38.

அயிரையின் மேல்நோக்கும் கண்ணைச் சுத்தம் செய்து மறுபடி இறக்கினேன். தெற்குக் கரைக்கு ஓட்டினேன். வாயு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க.

பனிக்கூரையின் அடிப்புறத்தில் பச்சை பாட்டில்கள் ஒட்டி மிதக்கின்றன. பதினொன்று. ஒன்றின் வாயில் குமிழி ஊறுகிறது. பாட்டிலைச் சுற்றி அந்த வெள்ளை ஏடு, பஞ்சு மாதிரி.

அயிரையை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

நாள் 43. பகல் 12:05.

எழுதிவிடுகிறேன்.

காலி பாட்டிலிலும் கொஞ்சம் வாயு மிஞ்சும், கசியும். அதனால் ஏரிப்பக்கம் வைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சேமிப்பிடத்துக்குச் சறுக்குவண்டியில் இழுத்துப் போக வேண்டும். இரண்டு வாரம் இழுத்தேன். அரை நாள் போகிறது. முழங்கால் வீங்குகிறது. மூன்றாவது வாரம் பிளவு கண்ணில் பட்டது. முகாமிலிருந்து முந்நூறு மீட்டர்தான். எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீரின் மேல் மெல்லிய பனிப்படலம்.

பாட்டில்கள் மிதக்கும் என்று தெரியும். சாக்கில் போட்டு, கல் சேர்த்துக் கட்டி இறக்கினேன். தெரியாமல் செய்தவர் கல் கட்டமாட்டார். அதன் பிறகுதான் சிவப்புக் கொடியை நட்டேன்.

சாக்கு கிழிந்திருக்கிறது. அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு.

நாள் 44. மார்ச் 2. காலை 07:40. வெளியே −40.

ஞானசிகாமணி சார்:

"வானிலை மோசமாகுது. வண்டியை இப்ப அனுப்பலேன்னா இந்த சீசன்ல முடியாது. ரிஸ்க்தான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. தண்ணியில வந்த அந்த கேஸ் சிக்னல் உறுதிதானே?"

என் பதில் பதிவில் இருக்கிறது. மாற்ற முடியாது. "உறுதி சார்."

இரண்டு சொல். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. வண்டி வந்து சேரட்டும், அண்ணாச்சியிடம் நேரில் சொல்லி, அவர் உதவியோடு பாட்டில்களை எடுத்துவிடலாம் என்று எனக்கே ஒரு சமாதானம். வண்டி 08:10க்குக் கிளம்பியது.

நாள் 45. மார்ச் 3. காலை 09:30. வெளியே −43.

பாட்டில் எரியவில்லை. புதியது. முழுசாக இருக்கிறது, ஆட்டினால் சளக்கென்கிறது. ஆனால் ஆவி எழவில்லை. சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து ஒரு மணி நேரம் வைத்திருந்த பிறகு நீலமாகக் கொஞ்சம் எரிந்தது. அண்ணாச்சி சொன்ன மைனஸ் நாற்பத்திரண்டைக் குளிர் தாண்டிவிட்டது.

வண்டி என்னிடமிருந்து முப்பது கிலோமீட்டரில்.

நாள் 46. மார்ச் 4. காலை 08:50. வெளியே −41.

தோர்ஜேயின் குரல் முதலில். பிளவு ஒன்றை மூடியிருந்த பனிப்பாலம் உடைந்து வண்டி சாய்ந்துவிட்டது. அண்ணாச்சியின் வலது கால் வண்டிக்கும் பனிக்கும் நடுவில். காலை வெளியே எடுத்துவிட்டானாம், ரத்தம் நிற்கவில்லை. பிறகு அண்ணாச்சியே பேசினார்.

"டாக்டரம்மா, பயப்படாதிய. கால்தான் கொஞ்சம் நசுங்கிட்டு. தோர்ஜே இறுக்கிக் கட்டியிருக்கான். சிலிண்டர் ரெண்டும் பத்திரமா இருக்கு, ஹீட்டர் ஓடுது, கதகதன்னு இருக்கு. ஒங்களுக்குக் கொண்டுவந்தத நாங்க எரிச்சிக்கிட்டிருக்கோம், கோவிச்சிக்கிடாதிய."

நாள் 46. 09:25.

ஞானசிகாமணி சார்:

"கவனமா கேளுங்க. விமானம் ஒண்ணுதான் இருக்கு. அஞ்சு மணி நேரம் வானம் திறந்திருக்கும். அப்புறம் எட்டு நாள் புயல். ஒரு இடத்துலதான் இறங்க முடியும். டெல்லியில முடிவு பண்ணிட்டாங்க. மாதிரிதான் முதல். அஞ்சு லட்சம் வருஷத்துத் தண்ணி, அத புயல்ல விட முடியாது. மாதிரியோட நீங்களும் ஏறிடுங்க. சுடலைமுத்துகிட்ட நானே பேசுறேன்."

பொது அலைவரிசை. அண்ணாச்சியும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குறுக்கே வந்தார்:

"அது சரிதான் சார். மொதல்ல தண்ணிய எடுங்க. நான் தாங்கிக்கிடுவேன்."

ஒலிவாங்கி என் கையில். பொத்தானை அழுத்தவில்லை.

நாள் 46. 10:50.

ஒன்றரை மணி நேரமாக மாதிரிக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள், தேதி, ஆழம். நேர்த்தியாக அடுக்கியிருக்கிறேன். விமானம் கிளம்பிவிட்டது. நான் ஏறலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அயிரையின் படத்தை அழித்தால் போதும். அழிக்கும் திரையைத் திறந்தும் வைத்திருக்கிறேன்.

தோர்ஜே இரண்டு முறை கூப்பிட்டான். அண்ணாச்சி தூக்கத்தில் பேசுகிறாராம். மகள் பெயரைச் சொல்கிறாராம்.

நாள் 46. 11:20.

சொல்லிவிட்டேன். பொது அலைவரிசையில். பதிவிலிருந்து அப்படியே:

"சார், விமானத்தத் திருப்புங்க. வண்டிக்குப் போகச் சொல்லுங்க. இந்தத் தண்ணியில ஒண்ணும் இல்ல. அந்த கேஸ் என்னோட பாட்டில்லேருந்து வருது. காலி பாட்டில நான்தான் பிளவுக்குள்ள போட்டேன். மூணு நாளா எனக்குத் தெரியும். வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே தெரியும்."

பிறகு சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை பாட்டில்?"

"பதினொண்ணு."

அவர் விமானியிடம் திசை எண் சொல்வது கேட்டது.

நாள் 46. 14:10. வெளியே −42.

விமானம் வண்டியருகே இறங்கி இருவரையும் ஏற்றிவிட்டது. மேற்கே வானம் சாம்பல் நிறம். இங்கே வர எரிபொருளும் இல்லை, நேரமும் இல்லை. என் கையில் மூன்று பாட்டில்.

சொல்லத் தாமதித்தது இரண்டு மணி நேரம். அதன் விளைவை விமானத்தில் இருக்கும் மருத்துவர் சாரிடம் சொன்னார். நானும் கேட்டேன். முன்பே வந்திருந்தால் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியைக் காப்பாற்றியிருக்கலாமாம், இனி எடுத்துவிட வேண்டியதுதானாம்.

நாள் 47. மார்ச் 5. பகல் 12:40. வெளியே −46.

புயல். கூடாரத்தின் வடபக்கத் துணி விம்மி விம்மி அடிக்கிறது. ஒரு பாட்டில் தீர்ந்தது.

கரையிலிருந்து அண்ணாச்சி பேசினார். மருந்து மயக்கத்தில் குரல் இழுத்தது. கூப்பிட வேண்டாம் என்று மருத்துவர் தடுத்தும் கேட்கவில்லையாம்.

"டாக்டரம்மா, பாட்டில் எத்தன இருக்கு? ரெண்டா. சரி. ரெண்டையும் ஒண்ணா எரிக்காதிய. ஒண்ண மடியில வச்சிக்கிடுங்க. மத்தத வெந்நிப் பாத்திரத்துல நிப்பாட்டி எரிங்க, தண்ணி கொதிக்கப்பிடாது, கை பொறுக்குற சூடு போதும். சாப்பாட்டுக்கு மட்டும் பத்த வைங்க. தூங்குதப்ப எரியவே விடாதிய."

ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். மாணவி மாதிரி. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள்:

"ஒண்ணு மட்டும் கேக்கேன். எங்கிட்ட ஒத்த வார்த்த சொல்லியிருந்தா, நானே வந்து இழுத்துட்டுப் போயிருப்பேனே. ஏன் சொல்லல?"

அந்தக் கூட்டத்தில் உங்களைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, பிறகு உங்களிடமே எப்படி வந்து கேட்பது. இதுதான் பதில். நான் சொன்னது, "சரியா கேக்கல அண்ணாச்சி, இரைச்சலா இருக்கு." அவர் குரல் தெளிவாகவே கேட்டது.

நாள் 49. மார்ச் 7. பகல். வெளியே −51.

கம்பிக்கோபுரம் விழுந்துவிட்டது. வானொலி இல்லை. இது கையெழுத்துப் பதிவு.

வெந்நீர் முறை வேலை செய்தது. நேற்று வரை. வெந்நீர் செய்யவே பாட்டில் வேண்டும். மடியில் இருப்பது கடைசி. விரல்கள் பழுப்பாக இருக்கின்றன.

அயிரை இன்னும் பார்க்கிறது. ஏரியில் தண்ணீர் பூஜ்ஜியத்தில் இருக்கிறது. எனக்கு அது வெந்நீர் மாதிரி. அந்தச் சூட்டில் பாட்டில்கள் உயிரோடு இருக்கின்றன. குமிழி விட்டுக்கொண்டே.

அதையும் எழுதணும். காலி பாட்டில் என்று சொன்னேன். எல்லாம் காலி இல்லை. குளிரில் சுடர் சுருங்கினால், பாட்டிலைச் சூடாக்கப் பொறுமை இல்லாமல் அதைக் கழற்றி வீசிவிட்டுப் புதியதை மாட்டுவேன். ஆட்டினால் சளக்கென்று கேட்கும். கேட்டும் போட்டேன். இப்போது எனக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான சூடு காலுக்குக் கீழே இருபது மீட்டரில்.

நாள் 50 அல்லது 51. வெளிச்சம் இருக்கிறது.

வெள்ளை ஏடு வடகரைக்கும் வந்துவிட்டது. நேற்று இல்லை. அங்கே முதல் வாரத்தில் நான் பார்த்த பழுப்புப் பாசி, ஏரியின் சொந்தப் பாசி, அது தென்படவில்லை. அதைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூட இல்லை, சின்ன விஷயம் என்று.

மடியில் உள்ளது எரியவில்லை.

பிறகு

கண்டெடுப்பவருக்கு. சாரிடம் இதைக் கொடுக்கணும். அறிக்கையில் பதினொன்று என்று போட்டிருப்பார்கள். நான் சொன்னதை நம்பி.

கூரையில் மிதந்தது பதினொன்று. கேமராவில் தெரிந்ததை மட்டும் ஒத்துக்கொண்டேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அண்ணாச்சி ரத்தம் வடிய, அப்போதும் நான் குறைத்து

கிழியாத சாக்கு இரண்டு அடியில் கிடக்கிறது. தெற்குப் பிளவுக்கு நேர் கீழே. அவை இன்னும் கசிய ஆரம்பிக்கவில்லை. வால்வு துரு பிடிக்கும் முன் எடுத்துவிட்டால் ஏரி ஒருவேளை

மொத்தம் முப்பத்து நான்கு. எழுத்தில் எழுதுகிறேன், எண் கலையலாம். முப்பத்து நான்கு. அண்ணாச்சி கேட்டது எனக்குக் கேட்டது. தெளிவாகவே கே